டிராக் பாடுகிறவள்

நாகராஜன் வீட்டு லேப்டாப்புக்குப் பாதி உறுப்பு கிடையாது. பேட்டரி செத்து ஐந்து வருஷம். கரண்ட் இருந்தால்தான் அதற்கு உயிர். மூடியின் கீல் உடைந்து, ஸ்க்ரீன் மல்லாக்க விழாமல் இருக்கப் பின்னால் ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருக்கும். ஆன் பண்ணிவிட்டுப் போய்ப் பல் விளக்கி, டீ குடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் அப்போதுதான் கண்ணைத் திறக்கும். புதுச்சேரி டவுனில் எவனோ ஆபீஸைக் காலி பண்ணும்போது கழித்துப் போட்ட சரக்கு. அதை வைத்துக்கொண்டு பாகூரை ஒட்டிய சேலியமேட்டில் ஒருத்தன் பதினோரு வருஷமாகப் பாட்டு ரெக்கார்டிங் பண்ணுகிறான் என்றால் அது திறமையா, திமிரா, நீங்களே சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி இல்லை. அவன் பெண்டாட்டி ஜெயசித்ராவைப் பற்றி. நாற்பத்திரண்டு வயசு, கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளையும் இந்த மனுஷனின் பாட்டுக்குக் கொடுத்தவள்.

நாகராஜன் சோப்பு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வான். காதணி விழாவுக்குப் பாட்டு, மஞ்சள் நீராட்டுக்குப் பாட்டு, கோயில் திருவிழாவுக்குப் பாட்டு, செத்தவர்கள் பேரில் கருமாதிக்குக்கூடப் பாட்டு. சுற்றுவட்டாரத்தில் யார் கேட்டாலும் போட்டுக்கொடுப்பான். மெட்டுப் போட்டதும், பாட வருகிறவர்களுக்கு அது எப்படிப் போகிறது என்று காட்ட ஒரு குரல் வேண்டுமே! அப்படி மாதிரிக்குப் பாடி வைப்பதற்குப் பேர்தான் டிராக். அதைப் பாடகருக்கு வாட்ஸப்பில் அனுப்புவான். அவர்கள் கேட்டுப் பழகிக்கொண்டு வந்து நிஜப் பாட்டைப் பாடிவிட்டுப் போவார்கள். போனதும் டிராக்கை அழித்துவிட வேண்டியது. சினிமாவிலும் இதுதான் வழக்கம் என்று நாகராஜன் பெருமையாகச் சொல்வான், சினிமாக்காரர்கள் இவனைக் கேட்டுத்தான் வழக்கம் வைத்த மாதிரி.

அந்த டிராக்கை எல்லாம் பாடியவள் ஜெயசித்ரா. அறுபது பாட்டோ எழுபது பாட்டோ, எண்ணி வைக்கவில்லை. ஒன்றுகூட இப்போது கிடையாது. லேப்டாப்பில் இடமே இருக்காது; பழசை அழித்தால்தான் புதுசு உள்ளே போகும். அதற்காக நாகராஜன் ஒரு ஒழுங்கு வைத்திருந்தான். அவள் பாடியதற்கெல்லாம் 'டிராக்' என்றே பேர் வைப்பான். டிராக் ஒன்று, டிராக் இரண்டு, டிராக் மூன்று. பாட்டு முடிந்ததும் டிராக் என்று பேர் உள்ளதை மொத்தமாகப் பிடித்து, குப்பைத்தொட்டியில்கூடத் தங்காதபடி இன்னொரு பட்டனையும் சேர்த்து அமுக்கி அழிப்பான். பாயைச் சுருட்டி வைப்பது மாதிரி அது அவனுக்கு. யோசிக்க மாட்டான்.

அவளும் கண்டுகொண்டதில்லை. "எனக்கு இன்னா, கம்பெனில நாள் பூரா வாய மூடினு நிக்கறேன், இங்க வந்து தொறக்கறேன்" என்பாள். வெளியே பாடவே மாட்டாள். கல்யாண வீட்டில் நலங்குக்குப் பாடச் சொன்னால் பந்தி பரிமாறுகிற சாக்கில் ஓடிவிடுவாள். பாட்டு வருவதெல்லாம் அந்த ஒரு ரூமில்தான். ஆனால் எங்கேயாவது குழாய் ஸ்பீக்கரில் நாகராஜன் போட்ட பாட்டு கேட்டால் நின்றுவிடுவாள். அரியாங்குப்பத்திலிருந்து வருகிற ஜெயசுதா என்ற பெண்தான் அவனுக்கு வழக்கமாகப் பாடுகிறவள். சின்னப் பெண், நல்ல சாரீரம். "அந்தப் பொண்ணு இன்னாமா இழுக்குது பாரு" என்று ரோட்டில் யாராவது சொல்வார்கள். அந்த இழுப்பு டிராக்கில் ஜெயசித்ரா போட்டது. ஜெயசுதா அதைக் கேட்டு அப்படியே பிடித்தது. ஜெயசித்ராவுக்குப் பொறாமை இல்லை என்று சொல்லத்தான் ஆசை. பொய் சொல்வானேன், பொறாமைதான்.

போன சித்திரையில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. எலுமிச்சங்காய் அளவு. டவுன் பெரியாஸ்பத்திரிக்கு நாலு தடவை நடந்த பிறகு, எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். டாக்டரம்மா நல்ல மனுஷி, உட்காரவைத்துப் பேசினாள். "கட்டி குரல் நரம்புக்குப் பக்கத்துல இருக்குமா. பார்த்துத்தான் எடுப்போம். ஆனா குரல் மாறாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது." ஆடி முதல் வாரத்தில் தேதி கொடுத்தார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவிவிட்டு ஜெயசித்ரா கேட்டாள்.

"மாமா, ஒரு பாட்டு நான் பாடறேன்."

"பாடேன். ஞாயித்துக்கெழம காதணிப் பாட்டுக்கு டிராக் போடணும்."

"டிராக் இல்ல மாமா. பாட்டே நான்தான். செடல் பாட்டு."

நாகராஜன் அவளைப் பார்த்தான். ஊர் முத்துமாரியம்மனுக்கு ஆடியில் பத்து நாள் செடல் திருவிழா. பத்து நாளும் விடிந்தும் விடியாததுமாகக் குழாய் ஸ்பீக்கரில் அந்த வருஷத்துப் புதுப் பாட்டைத்தான் முதலில் போடுவார்கள். அது நாகராஜன் போடுகிற பாட்டு. ஊரில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் கேட்கும்.

"கொரலு போறதுன்னா போவட்டும். போறதுக்கு முன்ன ஒரு தபா ஊரு கேக்கட்டுமே" என்றாள்.

பதினோரு வருஷத்தில் அவள் வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றுதான். அவனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இருக்கட்டும், நன்றாக உறைக்கட்டும். சாமி மாடத்தில் கற்பூரம் ஏற்றி, "ஆத்தா மேல ஆணையா இந்தத் தபா உன் கொரலுதான்டி" என்றான். மனசோடுதான் சொன்னான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனி மாசத்து முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று அந்தப் பாட்டுக்கு. லேப்டாப்பின் விசிறி, நெல்லு மிஷின் மாதிரி இரையும். அந்த இரைச்சல் மைக்கில் விழும். ஆகையால் அதை ஜன்னலுக்கு வெளியே ஒரு முக்காலியில் வைத்து, சூடு இறங்க அடியில் மாவு சல்லடையைக் கொடுத்து, வயரை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நாகராஜன் வெளியே வெயிலில். ஜெயசித்ரா உள்ளே, பீரோ கதவைத் திறந்து போர்வையைத் தொங்கவிட்ட மூலையில், சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு. வேர்த்து ஊற்றும். பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு மிக்சி ஓடும். அது நின்றால் கரும்பு டிராக்டர் வரும். எல்லாம் ஓய்ந்து அவள் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் அப்படியே நின்றுவிடும். அல்லது கரண்ட் போகும். போனால் பாடினது அத்தனையும் போச்சு.

"போச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்பாள்.

"போச்சு. மறுபடி மொதல்லேர்ந்து."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. மிக்சி இல்லை, டிராக்டர் இல்லை, கரண்ட் இருந்தது, லேப்டாப்பும் ஏதோ நல்ல புத்தியில் இருந்தது. 'ஏரி நெறஞ்சு வரணும் தாயே, எங்க வூட்டு அடுப்பெரியணும் தாயே' என்று அவள் எடுத்து, அந்தத் 'தாயே'வை ஒரு இழுப்பு இழுத்தாள் பாருங்கள், வெளியே வெயிலில் நின்றவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆறு நிமிஷம், ஒரே மூச்சாகப் பாடி முடித்தாள். அவள் வெளியே வந்தபோது அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, நின்னுடுச்சா?"

"இல்லடி. பதிஞ்சிடுச்சி. இதான்டி பாட்டு."

அதை வழக்கம்போல 'டிராக் மூன்று' என்று பேர் வைத்துப் பத்திரப்படுத்தினான். கை பழகிய பேர். இன்னொரு தடவை பாட வைத்துப் பார்க்க அடுத்த ஞாயிறும் இருந்தது. அவன்தான் வேண்டாம் என்றான். அதற்கு மேல் எவளாலும் பாட முடியாது என்றான்.

திருவிழாக் கமிட்டித் தலைவர் சாமிநாதன், கரும்பும் நெல்லும் போடுகிற பெரிய வீட்டுக்காரர். பாட்டு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்தார். காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "யாருபா இது, டவுன் பொண்ணா?" என்றார்.

"எம் பொண்டாட்டிதாண்ணே."

"அட! நம்ம ஜெயசித்ராவா? இத்தினி நாளு சொல்லவேயில்லயேபா!" சமையல் ரூமைப் பார்த்து உரக்கவே சொன்னார். "நல்லா கீதுமா. ரொம்ப நல்லா கீது."

ஜெயசித்ரா உள்ளே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு சந்தோஷம். பெரியவர் போகும்போது ஒரு வேலையும் வைத்துவிட்டுப் போனார்: பம்பை, உடுக்கை சத்தம் இன்னும் தூக்கலாக வேண்டும், பாட்டுக்கு முன்னால் திருவிழாவுக்குப் பணம் கொடுத்த உபயதாரர்கள் பேர் அத்தனையும் வரவேண்டும். பிரான்சுக்குப் போய்க் குடியிருக்கிற ஊர்க்காரர்கள் பேரை அவர்கள் வீட்டு அடையாளத்தோடு சொல்ல வேண்டும். அது இல்லாமல் எந்தக் கோயில் பாட்டும் அந்தப் பக்கம் கிடையாது.

ஆடி பிறந்தது. ஜெயசித்ரா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெட்டப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் வெண்ணிலா துணைக்கு வந்தாள். கட்டி நரம்போடு ஒட்டிப் பின்னிக் கிடந்ததாம். டாக்டரம்மா ஐந்து மணி நேரம் போராடித்தான் எடுத்தாள். கண் விழித்ததும் ஜெயசித்ரா "தண்ணி" என்றாள். காற்றுதான் வந்தது. ஒரு வாரம் கழித்தும் காற்றுதான். "பொறுத்துப் பார்க்கணும்மா, ஆறு மாசம் போவட்டும்" என்றாள் டாக்டரம்மா.

ஜெயசித்ரா அழவில்லை. வெண்ணிலாதான் அழுதாள். ஜெயசித்ரா மகளின் கையைத் தட்டி, வலது கையால் காதைக் காட்டி, மேலே ஸ்பீக்கர் கட்டியிருப்பது போல விரலை உயர்த்திக் காட்டினாள். பாட்டு இருக்கிறது, பதிந்துவிட்டது, அழாதே என்று அர்த்தம்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். நாகராஜன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. மருந்து எடுத்துக் கொடுத்தான், கஞ்சி வைத்தான். ஆபரேஷன் செலவிலும் அலைச்சலிலும் மனுஷன் ஓய்ந்துபோயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்குள் எழுந்து, தலை வாரி, நல்ல புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். கழுத்தில் போட்டிருந்த கட்டுத்துணியை முந்தானையால் மூடிக்கொண்டாள். தெருவில் இரண்டு வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் கரகரத்தது. நாகராஜன் குரலில் உபயதாரர்கள் பேர் நீளமாக வந்தது. கீபோர்டு எடுத்தது, பம்பை விழுந்தது. 'ஏரி நெறஞ்சு வரணும் தாயே.'

ஸ்பீக்கரில் குரல் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும் என்று முதல் வரியில் நினைத்தாள். இரண்டாவது வரியில் தெரிந்துவிட்டது. ஜெயசுதா.

திரும்பிப் பார்த்தாள். நாகராஜன் கதவுக்குப் பின்னால் தரையில் குந்தி, தலையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வீட்டுக்கு வந்தவன், பாட்டை முடித்து அவளுக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். பம்பையையும் உடுக்கையையும் அவள் குரலையும் சேர்த்து ஓட்டினால் லேப்டாப் நின்றுவிடுகிறது. அதனால் அவள் குரலை ஒதுக்கிவைத்துவிட்டு, இசையை மட்டும் ஒன்றாக்கிவிடலாம், அவள் குரலைக் கடைசியில் ஏற்றலாம் என்று பார்த்தான். அதுவரை சரி. அந்த நேரம் பார்த்துச் சாமிநாதன் இன்னும் பதினெட்டு உபயதாரர் பேரை அனுப்பி, மறுநாள் காலைக்குள் பென்டிரைவ் வேண்டும் என்றார். பேர்களைப் படித்துப் பதிந்தான். இடம் இல்லை என்றது லேப்டாப். இடம் இல்லை என்றால் அந்தக் கை என்ன செய்யும்? பதினோரு வருஷமாகச் செய்ததைச் செய்தது. டிராக் என்று பேர் உள்ளதையெல்லாம் பிடித்து, அந்தப் பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டது. இடம் கிடைத்தது. பேர்கள் பதிந்தன. அதற்கப்புறம்தான் அவள் குரலை ஏற்றத் தேடியிருக்கிறான், பாவி.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதைகூட இதற்கு ஈடில்லை; அதிலாவது கீழே சிந்தினது கண்ணுக்குத் தெரியும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வில்லியனூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு ஓடியிருக்கிறான். கடைக்காரர் அரை நாள் பார்த்துவிட்டு, "அழிச்ச எடத்துலயே புதுசு எழுதிடுச்சிண்ணே. ஒண்ணும் பண்ண முடியாது" என்றாராம். அவள் ஆறு நிமிஷம் பாடிய இடத்தில் இப்போது உபயதாரர்கள் பேர் இருக்கிறது. ஊருக்குப் பாட்டு வேண்டுமே! ஜெயசுதாவைக் கூப்பிட்டு, இவனே தொண்டை கிழிய மெட்டைச் சொல்லிக்கொடுத்து, ஒரு மணி நேரத்தில் பாட வைத்துக் கொடுத்துவிட்டான்.

வாய் இருந்தால் ஜெயசித்ரா அன்றைக்கு அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். இல்லையே! கையை ஓங்கி அவன் தோளில் நாலு போடு போட்டாள். ஐந்தாவதுக்குக் கழுத்து இழுத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்து நாளும் விடியலில் அந்தப் பாட்டைக் கேட்டாள். கேட்காமல் இருக்க ஊரில் இடம் ஏது? கூழ் ஊற்றுகிற அன்று பக்கத்தில் நின்றவள், "இந்த வருஷம் பாட்டு சூப்பர்டி, ஆனா எப்பவும் வர்ற அந்த இழுப்புதான் இல்ல" என்றாள். ஜெயசித்ரா தலையாட்டினாள்.

திருவிழா முடிந்து ஜெயசுதா பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஜெயசித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, எப்பவும் அண்ணன் டிராக்க எனக்கு வாட்ஸப்ல அனுப்பிடுவாரு. இந்தத் தபா அனுப்பவேயில்ல. அனுப்பியிருந்தா எம் போன்ல இருந்திருக்குமேக்கா."

"அது டிராக் இல்லியேமா, அதான் அனுப்பல" என்றான் நாகராஜன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"பழசு எதுனா?" என்று ஜெயசித்ரா கையால் கேட்டாள். பழைய போன் போன மழையில் தண்ணீரில் விழுந்து போய்விட்டது என்றாள் ஜெயசுதா. புதுசில் ஒன்றும் இல்லை.

ஆறு மாசமும் ஆயிற்று. காற்றாக இருந்தது கொஞ்சம் திரண்டு, கரகரவென்று அடித்தொண்டையில் ஒரு சத்தமாக நின்றது. இனிமேல் இதுதான் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னாள். ஜெயசித்ரா கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னியக்கோயில் பக்கம் ஒரு வீட்டுக் காதணி விழாவுக்குப் பாட்டுக் கேட்டிருந்தார்கள். நாகராஜன் மெட்டைப் போட்டு முடித்து, லேப்டாப்பை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, தலையைத் திருப்பாமலே, "ஜெயா, வாடி, டிராக் போட்டுடலாம்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அதற்குள் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பழக்கம்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எழுந்து போக அவளுக்கும் மனசு வரவில்லை.

பாடினாள். மேல் ஸ்தாயி வருகிற இடத்தில் குரல் உடைந்து ஒன்றுமில்லாமல் போய், இறங்கும்போது மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. லேப்டாப் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மூன்று நிமிஷமும் சுத்தமாகப் பதிந்தது.

"போதுமா மாமா?" என்றாள் அந்தக் கரகரப்பில்.

"டிராக்குக்குத்தானே ஜெயா. தாராளமா போதும்" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான், அந்த மடையன்.

ஜெயசுதாவுக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பக்கத்தில் ஜெயசித்ரா உட்கார்ந்திருக்கும்போதே நாகராஜன் அதைத் தட்டிவிட்டான்.

"அண்ணே, மெட்டு புரிஞ்சிடுச்சி, நாளைக்கி வந்து பாடிடறேன். அக்காவுக்கு இன்னும் சரியாவலயாண்ணே? நீங்களே பாடியிருக்கீங்க?"

நாகராஜன் போனை அவசரமாகக் கவிழ்த்து வைத்தான். ஜெயசித்ராதான் சொன்னாள்.

"ஆமான்னு போட்டுடு மாமா."